டைவிங்கில் மீன்களின் நடத்தையைக் கவனிப்பது: படிப்படியான முழு வழிகாட்டி

டைவ் முடித்து மேலே வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெயர்கள் வரும். ஆமை, திருக்கை, இரண்டு சிங்கமீன், பெரிய களவா ஒன்று. அந்தக் களவா என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நீந்திக்கொண்டே இருக்கும் டைவருக்கு மீன்கள் அதிகமாகக் காட்டுவது ஒரே ஒரு நடத்தையைத்தான்: விலகிப் போவது. இரை தேடுவது, சண்டை போடுவது, ஜோடி சேர்வது, முட்டையைக் காப்பது, ஒன்றையொன்று ஏமாற்றுவது எல்லாம் நீங்கள் ஓரிடத்தில் நின்று, சில நிமிடங்கள் கழிந்த பிறகுதான் தொடங்கும்.

அடிப்படை ஸ்கூபா பயிற்சி முடித்து, தண்ணீருக்குள் பதற்றமில்லாமல் இருக்கப் பழகியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை வெப்பமண்டலப் பவளப்பாறைகளைச் சேர்ந்தவை. அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கும், மீன்களும் பகலில் வெளிப்படையாக நடமாடும். குளிர்ந்த கடலிலும் ஏரியிலும் மீன்கள் மாறும், பார்க்கும் முறை மாறாது.

படி 1: அசையாமல் நிற்கப் பழகுங்கள்

மீன் பார்க்க முதலில் வேண்டியது மிதவைக் கட்டுப்பாடு. கையை ஆட்டாமல், காலில் மாட்டிய ஃபினை (நீந்தும் துடுப்பை) உதறாமல், ஒரே ஆழத்தில் மூன்று நான்கு நிமிடம் கிடைமட்டமாக மிதக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் முதல் சந்தேகம் ஈயக்கட்டி மேல் வரட்டும். தேவைக்கு மேல் எடை கட்டியவர் அதை ஈடுகட்ட பிசிடியில் (மிதவையைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையில்) காற்றை நிரப்புவார். மார்பு மேலே எழும், கால் கீழே தொங்கும். ஒவ்வொரு உதைக்கும் மணல் கிளம்பும். எடையைச் சரிசெய்து, தவளை நீந்துவதுபோல் பக்கவாட்டில் உதைக்கும் முறைக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீன்களின் உடலில் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு, அருகிலுள்ள நீரின் சிறு அசைவையும் பிடித்துவிடும். உங்கள் ஃபின் உதறலை அவை பார்ப்பது மட்டுமல்ல, உடம்பாலும் உணர்கின்றன. குமிழிச் சத்தமும் அப்படித்தான். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல். ஆனாலும் ஒரே தாளத்தில் மெதுவாக வரும் மூச்சுச் சத்தத்துக்குப் பல மீன்கள் பழகிவிடுகின்றன. திடீரென்று குபுகுபுவென்று வரும் மூச்சுதான் அவற்றை விரட்டுகிறது. சத்தத்தைக் குறைக்க மூச்சை அடக்கிப் பார்க்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். அடக்கிய மூச்சோடு ஓரிரு மீட்டர் மேலே எழும்பினாலே நுரையீரல் கிழியக்கூடும். நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள், போதும்.

ஆழத்தைப் பொறுத்தவரை, 6 முதல் 12 மீட்டர் வரைதான் என் பரிந்துரை. ஆழமாகப் போனால்தான் நல்ல டைவ் என்ற எண்ணம் இந்த வேலைக்குப் பொருந்தாது. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. அதாவது ஒரே சிலிண்டர் 30 மீட்டரில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரும். அதோடு அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் நினைவையும் கணிப்பையும் மந்தமாக்கும். அங்கே எழுதிய குறிப்பைப் பிறகு படித்தால் உங்களுக்கே புரியாமல் போகலாம்.

கண் செய்யும் இரண்டு ஏமாற்றுகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தோன்றும். 40 சென்டிமீட்டர் என்று தோன்றும் மீன் உண்மையில் 30 சென்டிமீட்டர்தான். சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். டார்ச் அடிக்காமல் பார்த்தால் சிவப்பு மீன் சாம்பலாகவோ கறுப்பாகவோ தெரியும். நிறத்தை எழுதும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள், மீன் வரும்

மீனைத் தேடி அலைவதைவிட, மீனுக்கு வேலை இருக்கும் இடத்தில் காத்திருப்பது நல்லது. அப்படிப்பட்ட இடங்கள் எல்லாப் பாறையிலும் உண்டு. பாறை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பு ஒன்று. இரண்டு வகை வாழிடத்தின் மீன்களும் அங்கே சந்திக்கும். தனியாக நிற்கும் பவளக் குன்று இன்னொன்று. சுற்றிலும் மணல் இருப்பதால் அங்கே வாழும் மீன்கள் விட்டுப் போகாது, நேற்றுப் பார்த்த அதே மீனை இன்றும் பார்க்கலாம். பல மீன்கள் வரிசையாக நின்று, தலையை மேலோ கீழோ சாய்த்துக்கொண்டு சும்மா மிதக்கும் இடம் கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது துப்புரவு நிலையம். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நீரோட்டத்தையும் பாருங்கள். மிதவை உயிரிகளைத் தின்னும் மீன்கள் நீரோட்டம் வந்து மோதும் பக்கத்தில், எதிர்முகமாக நின்று தின்னும். உங்களுக்கோ அந்தப் பக்கத்தில் நிற்பது சிரமம். குன்றின் ஓரத்தில், நீரோட்டம் தணியும் இடத்தில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். மணலில் முழங்காலோ வயிறோ படிய இருக்க வேண்டுமானால் முதலில் அந்த மணலை நன்றாகப் பாருங்கள், திருக்கையும் கல்மீனும் அங்கேதான் புதைந்து கிடக்கும். பவளத்தின் மேல் ஒரு விரல்கூட வேண்டாம்.

நிற்கும் இடம் மீனுக்கும் அதன் பொந்துக்கும் நடுவில் இருக்கக் கூடாது. தப்பிக்கும் வழி அடைபட்டது என்று தெரிந்தால் மீனின் முழுக் கவனமும் உங்கள் மேலேயே இருக்கும். பிறகு நீங்கள் பார்ப்பது உங்களைப் பார்த்துப் பயந்த மீனைத்தான்.

படி 3: முதல் ஐந்து நிமிடம் எதையும் எழுத வேண்டாம்

இடத்தில் நின்றதும் சிறிய மீன்கள் எல்லாம் பவளக் கிளைகளுக்குள் போய்விடும். விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் டாம்சல் எனப்படும் சிறிய பாறை மீன்கள் எட்டிப் பார்க்கும். பிறகு வெளியே வரும். அப்புறம் மணலில் பொந்து வைத்திருக்கும் உழுவைகளும் (கோபி எனப்படும் சிறு மீன்களும்) தலை காட்டும். உங்களை விட்டுவிட்டு அவை மறுபடி இரையைக் கொத்தத் தொடங்கியதுதான் நீங்கள் குறிப்பெடுக்கத் தொடங்க வேண்டிய நேரம்.

எவ்வளவு அருகில் போனால் மீன் விலகுகிறது என்பதே பதிவு செய்யத் தக்க ஒரு நடத்தை. ஈட்டி வைத்து மீன் பிடிக்கும் இடங்களில் பெரிய மீன்கள் டைவரைக் கண்டதும் தொலைவிலேயே விலகும். பாதுகாக்கப்பட்ட பகுதியில் அதே இன மீன் அருகே வந்து நிற்கும். நெருங்க வேண்டுமானால் தாழ்வாக, சாய்வான கோணத்தில், வேறு எதையோ பார்க்கப் போவதுபோல் போங்கள். முகத்துக்கு நேராகப் போவதை மீன் துரத்தலாகத்தான் எடுத்துக்கொள்ளும். அது தின்பதை நிறுத்தினால் நீங்களும் நில்லுங்கள். மறுபடி தின்னத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் நகரலாம்.

படி 4: ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுங்கள்

இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், ஏனென்றால் சலிப்பாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நம் கண் எப்போதும் சண்டை நடக்கும் பக்கம்தான் திரும்பும். அப்படியே போனால் டைவ் முடிவில் அந்தப் பாறையே ஓயாத போர்க்களம் என்று தோன்றும். உண்மையில் ஒரு டாம்சல் மீன் தன் நாளில் எத்தனை நேரம் சண்டையிடுகிறது, எத்தனை நேரம் மேய்கிறது என்பது அந்த மீனோடு கூடவே இருந்தால்தான் தெரியும்.

விலங்கு நடத்தை ஆய்வில் இந்தச் சிக்கலை ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை தெளிவாக அலசியது. அவர் ஆராய்ந்தது பபூன் குரங்குகளை. ஆனால் அவர் வகுத்துக் காட்டிய முறைகள் மீனுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு தனி மீனைக் குறித்த நேரம் முழுக்கப் பின்தொடர்ந்து அது செய்வதையெல்லாம் எழுதுவது ஒரு முறை. குறிப்பிட்ட இடைவெளியில் ஒருமுறை கூட்டம் முழுவதையும் கண்ணால் துழாவி, அந்தக் கணத்தில் எது என்ன செய்கிறது என்று எண்ணுவது இன்னொன்று. டைவருக்கு முதல் முறைதான் எளிது. ஐந்து நிமிடம் ஒரு மீன், பிறகு அடுத்த மீன். இடையில் பக்கத்தில் என்ன அமர்க்களம் நடந்தாலும் கண்ணை எடுக்காதீர்கள். சுறா வந்தால் மட்டும் விதிவிலக்கு, அதைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது.

எழுதும்போது பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து வையுங்கள். ‘கோபமாக விரட்டியது’ என்பது ஊகம். ‘முதுகுத் துடுப்பை விரித்து ஒரு மீட்டர் துரத்தி, அதே இடத்துக்குத் திரும்பியது’ என்பது பார்த்தது. இரண்டாவது வாக்கியம் இருந்தால் பத்து வருடம் கழித்தும் வேறொருவர் அதிலிருந்து ஏதாவது புரிந்துகொள்ள முடியும்.

படி 5: உடல்மொழியைப் படியுங்கள்

மீனின் முகத்தில் தசையசைவு குறைவு. அதனால் துடுப்பு, நிறம், சாய்வு, வேகம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். துடுப்புகள் எல்லாம் விரிந்து உடம்பு பெரிதாகத் தெரிந்தால் எதிரிக்கோ இணைக்கோ காட்டும் காட்சி. துடுப்புகளை ஒட்ட மடக்கினால் தப்பி ஓடவோ பாயவோ தயார். நிறம் சில நொடிகளில் மாறும். வெளிறுவது, கறுப்பது, புதிதாகப் பட்டைகள் தோன்றுவது எல்லாம் குறித்து வைக்க வேண்டியவை. பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எப்போது மாறியது, அப்போது எதிரில் யார் இருந்தார் என்பது போதும்.

தவறாகப் படிக்கப்படுவதில் முதலிடம், பாம்புபோல் நீண்ட அஞ்சாளை மீனுக்கு. பொந்திலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து மிரட்டுகிறது என்று நினைக்கிறார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். சிங்கமீன் முதுகு முட்களை உங்கள் பக்கம் சாய்த்தால் மட்டும் அது எச்சரிக்கை.

எச்சரிக்கைகளில் இரண்டைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சாம்பல் பவளப்பாறைச் சுறா, மூக்கை உயர்த்தி, முதுகை வளைத்து, மார்புத் துடுப்புகளைக் கீழே இறக்கி, உடம்பை மிகையாக ஆட்டி நீந்தினால் அதற்கு இடம் போதவில்லை. அதன் வழியைவிட்டு, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். இன்னொன்று, கிளாத்தி வகையில் பெரிதான டைட்டன் கிளாத்தி. மணலில் பள்ளம் பறித்து முட்டையிட்டுக் காக்கும் காலத்தில் முதுகு முள்ளை நிமிர்த்திக்கொண்டு நேராக வரும், கடிக்கவும் செய்யும். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேலே போகப் போக விரியும் கூம்பு வடிவம் என்பதால், நேராக மேலே நீந்தினால் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். ஃபின்களை அதன் பக்கம் வைத்துக்கொண்டு கிடைமட்டமாக வெளியேறுங்கள்.

படி 6: துப்புரவு நிலையத்தில் ஒரு முழு டைவ்

புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே ஒரு இடத்தில்தான் நேரம் செலவிட முடியும் என்றால் துப்புரவு நிலையத்தைச் சொல்வேன். அரை மணி நேரத்தில் வேறெங்கும் இவ்வளவு நடக்காது.

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இந்த வேலையைச் செய்வது நீலக்கோட்டுத் துப்புரவு மீன். விரல் நீளம், உடலில் கறுப்புப் பட்டை, நீல வால். கரீபியனில் சிறிய உழுவைகளும் இறால்களும் அதே வேலையைப் பார்க்கின்றன. பெரிய மீன்கள் வந்து நின்று வாயையும் செவுள் மூடியையும் திறக்கும், துப்புரவு மீன் உள்ளே போய் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள லிசார்ட் தீவில் அலெக்சாண்ட்ரா குருட்டர் செய்த ஆய்வில், ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகளைத் தின்பது தெரியவந்தது.

நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, வாடிக்கையாளர், அதாவது சுத்தம் செய்துகொள்ள வரும் மீன், நிற்கும் விதம். இனத்துக்கு இனம் மாறும். சில தலைகீழாக நிற்கும், சில வாலை இறக்கி நிற்கும், சில நிறம் மாறும். துப்புரவு மீனும் மேலும் கீழுமாகத் துள்ளி நீந்தி ஒரு ஆட்டம் போடும்.

இரண்டாவது, உதறல். துப்புரவு நடக்கும்போது வாடிக்கையாளரின் உடம்பு சட்டென்று ஒருமுறை உதறும். துப்புரவு மீனுக்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி கிடையாது, வாடிக்கையாளரின் மேல்தோலில் உள்ள வழுவழுப்பான சளிப்படலம். குருட்டரும் ரெடுவான் பிஷாரியும் 2003இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். வழுவழுப்பைக் கடித்துத் திருடியதற்கான அடையாளம்தான் பெரும்பாலும் அந்த உதறல். ஐந்து நிமிடத்தில் எத்தனை உதறல், அதற்குப் பிறகு வாடிக்கையாளர் என்ன செய்தார் என்று எண்ணுங்கள். சில துரத்தும், சில கிளம்பிப் போய்விடும். துப்புரவு மீன் உடனே பின்னால் போய், தன் வயிற்றுத் துடுப்புகளால் அதன் முதுகை வருடிச் சமாதானம் செய்வதையும் பார்க்கலாம்.

மூன்றாவது, வரிசை. அங்கேயே வசிக்கும் சின்ன மீனும் தூரத்திலிருந்து வரும் பெரிய மீனும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் யாரைக் கவனிக்கிறது? வந்து போகும் மீனைத்தான் பெரும்பாலும். வேறு கடைக்குப் போய்விடக்கூடிய வாடிக்கையாளரை முந்திக் கவனிக்கும் கடைக்காரர் போல. உள்ளூர் மீனுக்கு வேறு நிலையம் கிடையாது, காத்திருக்கும்.

நான்காவது, போலி. துப்புரவு மீனைப்போலவே நிறமும் நடையும் கொண்ட பல்லுள்ள பிளென்னி மீன் ஒன்று உண்டு. நம்பி வரும் மீனின் துடுப்பைக் கடித்துவிட்டு ஓடிவிடும், முட்டைகளையும் தின்னும். வேறுபாடு வாயில் இருக்கிறது. உண்மையான துப்புரவு மீனின் வாய் முகத்தின் நுனியில் இருக்கும். போலியின் வாய், மூக்குக்குக் கீழே உள்ளடங்கியிருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு மீட்டரைவிட அருகே போக வேண்டாம். நீங்கள் நெருங்கினால் முதலில் நின்றுபோவது பெரிய மீன்களின் வருகைதான், துப்புரவு மீன்கள் உங்களைச் சட்டை செய்யாது. சில சமயம் உங்கள் கையையே சோதிக்க வரும்.

படி 7: இன்னும் சில நல்ல பாடங்கள்

உழுவையும் இறாலும்: மணல் பொந்து ஒன்றில் இரண்டும் சேர்ந்து வாழும். ஏறக்குறையக் குருடான இறால் பொந்தைத் தோண்டி மணலை வெளியே தள்ளும். உழுவை வாசலில் காவல் இருக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் உணர்கொம்பை உழுவையின் உடம்பில் வைத்திருக்கும். ஆபத்து தெரிந்தால் உழுவை வாலை மெல்ல ஆட்டும், இறால் உள்ளே போகும். ஆபத்து இன்னும் நெருங்கினால் உழுவையும் தலைகுப்புறப் பாய்ந்துவிடும். தாழ்வாக அணுகி, அந்த வாலாட்டம் தொடங்கும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே நின்றால் அரை மணி நேரமும் பார்க்கலாம்.

பாசித் தோட்டம்: சில டாம்சல் மீன்கள் இறந்த பவளத்தின் மேல் பாசி வளர்த்து அதைக் காக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தத் தோட்டத்தின் வேலியைக் கண்டுபிடிப்பது. எது எங்கே நுழைந்தால் துரத்தப்படுகிறது என்று நாலைந்து சம்பவங்களைக் குறித்தாலே கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஸ்லேட்டில் விழுந்துவிடும். எல்லா மீனையும் அது ஒரே மாதிரி விரட்டுவதில்லை. பாசி தின்னும் கிளிமீனுக்குத் தரும் வரவேற்பும், பாசியைத் தொடாத மீனுக்குத் தரும் வரவேற்பும் வேறு.

சார்ஜென்ட் மேஜர் எனப்படும் பட்டை போட்ட டாம்சலில் ஆண் மீன் பாறைச் சுவரில் ஒட்டிய ஊதா நிறத் திட்டைக் காத்துக்கொண்டிருக்கும், தானும் நீலமாக மாறியிருக்கும். அந்தத் திட்டு முட்டைகள். நீங்கள் நெருங்கி ஆண் விலகினால், சுற்றிக் காத்திருக்கும் மற்ற மீன்கள் நொடியில் முட்டையைச் சூறையாடிவிடும். உங்கள் ஒரு புகைப்படத்துக்கு அந்தக் கூடு பலியாக வேண்டியதில்லை.

கோமாளி மீன்: ஒரு கடல் சாமந்தியில் (பூப்போலத் தெரியும், கொட்டும் இழைகளுள்ள கடல் உயிரியில்) இருக்கும் குழுவில் மிகப் பெரியது பெண், அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண், மற்றவை காத்திருப்பவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். அளவைப் பார்த்தே யார் யார் என்று சொல்லிவிடலாம். சாமந்தியின் அடியில் ஆரஞ்சு நிற முட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஆண் அவற்றைத் துடுப்பால் விசிறிக்கொண்டும் வாயால் சுத்தம் செய்துகொண்டும் இருக்கும். நாள் ஆக ஆக உள்ளே வெள்ளிக் கண்கள் தெரியும். பொதுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆனதும், இருட்டிய பின் பொரிக்கும்.

கூட்டு வேட்டை: தாடி போன்ற இழைகளால் மணலைக் கிளறும் நவரை மீனின் பின்னால் வேறு மீன்கள் தொடர்ந்து போவதை எங்கும் காணலாம். கிளறும்போது சிதறும் சின்ன உயிர்களுக்காகத்தான். பெரிய மீனின் முதுகோடு ஒட்டி ஒளிந்து நீந்தும் குழல்மீனும் அதே ரகம். இவற்றைவிட நுட்பமானது களவாவும் அஞ்சாளையும் சேர்ந்து வேட்டையாடுவது. பிஷாரியும் உடன் ஆய்வாளர்களும் செங்கடலில் கவனித்து 2006இல் எழுதினார்கள். களவா, அஞ்சாளையின் பொந்துக்கு முன் போய்த் தலையை வேகமாக ஆட்டி அழைக்கும். திறந்த நீரில் துரத்துவது களவா, பொந்துக்குள் புகுவது அஞ்சாளை. இரை ஒளிந்த இடத்துக்கு மேல் களவா தலைகீழாக நின்று காட்டுவதும் பின்னர் பதிவானது. ஒரு களவா காரணமில்லாமல் ஒரு பொந்தின் எதிரில் நின்றால், இனி நீங்களும் நில்லுங்கள்.

படி 8: நேரத்தை மாற்றிப் பாருங்கள்

அதே இடம், வேறு மணி. நடத்தை பார்க்கிறவருக்கு இதைவிட மலிவான புது டைவ் இல்லை. நடுப்பகலில் மேய்ச்சலும் துப்புரவும் அதிகம். அந்தி சாயும்போது பகல் மீன்கள் ஒவ்வொரு இனமாகப் பொந்துக்குத் திரும்பும். யார் முதலில், யார் கடைசியில் என்ற வரிசை ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் ஒன்றுபோலவே இருக்கும். பிறகு சிறிது நேரம் பாறை காலியாகத் தெரியும். பகல் கூட்டம் போய்விட்டது, இரவுக் கூட்டம் இன்னும் வரவில்லை. பெரிய வேட்டை மீன்களுக்கு வாகான நேரம் அது. அதற்கப்புறம் பெரிய கண்களுடைய சிவப்பு மீன்கள் குகைகளிலிருந்து கிளம்பும்.

பல இனங்கள் முட்டையிடுவதும் அந்தி நேரத்தில்தான். மாண்டரின் மீன் ஜோடியாக ஒட்டிக்கொண்டு பவளத்துக்கு மேலே மெல்ல எழும்பி, முட்டையை விட்டதும் பாய்ந்து மறையும். ஒரு சில நொடி. அதற்கு முன் ஆண் சுற்றி வருவதையும் பெண்ணைத் தேடுவதையும் பொறுமையாகப் பார்த்திருந்தால்தான் அந்த நொடி எங்கே நடக்கும் என்று தெரியும்.

இரவில் டார்ச்சை எங்கே அடிக்கிறீர்கள் என்பது முக்கியம். சில கிளிமீன்கள் வழுவழுப்பான கூடு ஒன்றைச் சுரந்து அதற்குள் தூங்கும். வெளிச்சம் பட்டுத் திடுக்கிட்டு எழுந்தால் கூட்டைக் கிழித்துக்கொண்டு இருட்டில் மோதி ஓடும். சிங்கமீனும் பாரைகளும் டைவரின் வெளிச்சத்தைப் பின்தொடர்ந்து இரை பிடிக்கக் கற்றுக்கொண்டவை. ஒரு சின்ன மீன் மேல் நீங்கள் ஒளியை நிறுத்தினால், அதைக் காட்டிக்கொடுத்தது நீங்கள்தான். மங்கலான ஒளி, முடிந்தால் சிவப்பு ஒளி, ஒளிவட்டத்தின் நடுவில் இல்லாமல் விளிம்பில் மீன் இருக்கட்டும்.

படி 9: எழுதுங்கள்

நீருக்கடியில் எழுதும் ஸ்லேட், கயிற்றில் கட்டிய பென்சில், ஓரத்தில் சென்டிமீட்டர் கோடுகள். வேறெதுவும் தேவையில்லை. நேரம், ஆழம், மீன், செயல், எதிரில் யார் என்று ஐந்து கட்டம் போட்டுக்கொண்டு சுருக்கெழுத்துகளை முன்பே தீர்மானித்துவிடுங்கள். மே என்றால் மேய்ச்சல், து என்றால் துரத்தல், ஒ என்றால் ஒளிதல். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

10:42, 8 மீ. டாம்சல், சுமார் 10 செமீ. மே, மே, து (கிளிமீன், 1 மீ), திரும்பியது, மே. நிறம் மாறவில்லை.

கேமராவைப் பற்றிக் கடுமையாக ஒன்று சொல்ல வேண்டும். கையில் கேமரா இருப்பவர் நல்ல கோணத்துக்காக நகர்ந்துகொண்டே இருப்பார், மீனும் அவரிடமிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். நடத்தையைப் பதிவு செய்யத்தான் கேமரா என்றால், சின்னக் கேமரா ஒன்றை எடைகட்டி மணலில் நிறுத்தி, ஓட விட்டு, பத்து மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். டைவர் இல்லாதபோது அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

படி 10: காற்றையும் குளிரையும் மறக்காதீர்கள்

மீனில் மூழ்கியவர் அளவுமானியை மறப்பது சகஜம். ஒவ்வொரு ஐந்து நிமிடப் பதிவின் முடிவிலும் காற்றின் அளவையும் ஸ்லேட்டில் எழுதுங்கள், பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். அசையாமல் இருப்பதால் சீக்கிரம் குளிரும். வழக்கத்தைவிட ஒரு மடிப்பு தடிமனான உடை நல்லது. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள், 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம், மேற்பரப்புக்கு வரும்போது சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று மிச்சம். இவை வழக்கமான டைவின் விதிகள்தான், இங்கே சலுகை இல்லை.

கூட வரும் டைவரிடம் திட்டத்தை முன்பே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் ஒரே பாறை முன்னால் என்று தெரியாமல் வந்தவர் பத்தாவது நிமிடத்தில் எரிச்சலோடு கிளம்பிவிடுவார். ஆர்வமுள்ளவர் என்றால் இருவரும் ஒரே மீனைத் தனித்தனியாகப் பதிவு செய்து, மேலே வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் ஒருவராவது ஊகத்தை எழுதியிருக்கிறார்.

இரை போடுவது, பேத்தை மீனைச் சீண்டி ஊத வைப்பது, பொந்துக்குள் குச்சி விடுவது எல்லாம் விலக்க வேண்டியவை. தீமை ஒருபுறம் இருக்கட்டும், ரொட்டிக்கு வரும் மீன் காட்டுவது ரொட்டிக்கு வரும் நடத்தையைத்தான்.

படி 11: மேலே வந்த பிறகு, மறுபடி அதே இடம்

கரைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஸ்லேட்டில் இருப்பதை நோட்டுக்கு மாற்றிவிடுங்கள். சுருக்கெழுத்துகள் மாலைக்குள் மறந்துவிடும். எண்ணிக்கை வேண்டுமென்றால், ரீஃப் என்ற தன்னார்வ மீன் கணக்கெடுப்பு அமைப்பு பயன்படுத்தும் நான்கு வகைகள் கைக்கு எளிது: 1, 2 முதல் 10, 11 முதல் 100, 100க்கு மேல்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு ஜப்பானில் நல்ல உதாரணம் இருக்கிறது. அமாமி ஓஷிமா தீவருகே 1995இல் டைவர்கள் மணல் தரையில் சுமார் இரண்டு மீட்டர் அகல வட்டக் கோலங்களைக் கண்டார்கள். யார் போட்டது என்று பல வருடம் தெரியவில்லை. பிறகுதான், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண் பேத்தை மீன் ஒன்று ஒரு வாரத்துக்கும் மேலாக மணலைத் துடுப்பால் உழுது அதைக் கட்டுகிறது, பெண் வந்து நடுவில் முட்டையிடுகிறது என்று தெரிந்தது. 2013இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அந்த மீன் புதிய இனம் என்பதும் அதற்கடுத்துத்தான் உறுதியானது. கோலத்தை ஒருமுறை பார்த்துப் படம் பிடித்ததோடு எல்லாரும் நிறுத்தியிருந்தால் கட்டுபவர் யார் என்ற விடை கிடைத்திருக்காது.

இனம் உறுதியாகத் தெரியாதபோது குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டு அளவையும் நிறத்தையும் எழுதுங்கள். கிளிமீன்களில் இது மிகவும் முக்கியம். ஒரே இனத்தில் குஞ்சும், பழுப்பான முதல் கட்ட மீனும், பச்சை நீலமான பெரிய ஆணும் மூன்று வெவ்வேறு இனம்போல இருக்கும். ‘கிளிமீன், 25 செமீ, பழுப்பு, பெரிய பச்சை ஆணின் பின்னால் நான்காக’ என்ற குறிப்பு, தவறான இனப் பெயரைவிட அடுத்த டைவில் அதிகம் உதவும்.